நிதானத்துக்கு என்ன கூலி

என் சித்தப்பாவை அவசரப்படுத்திப் பார்த்தவர்கள் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்கள். சித்தப்பா களைத்ததில்லை. அவர் செருப்பு மாட்ட ஆரம்பித்தாரென்றால், நாம் தெருமுனை வரை போய், குடையை மறந்துவிட்டோமென்று திரும்பி வந்து, அதைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு வரலாம். அப்போது அவர் இடது காலுக்கு வந்திருப்பார்.

ஆனால் சோம்பேறி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சித்தி என்னை விடமாட்டாள். சோம்பேறி வேலையைத் தள்ளிப்போடுவான். சித்தப்பா எதையும் தள்ளிப்போட்டவரில்லை. சொன்னவுடன் ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் காலம் என்ற ஒன்று இருப்பது அவருக்கு மறந்துபோகும்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது, 'மெதுவாகச் செய்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோலச் செய்வார்' என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். எனக்கும் சேர்க்க ஆசைதான். தவறாக எழுதிவிடக் கூடாதே என்ற பயத்தில் சித்தியிடம் போனில் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. மத்தவங்க மாதிரிதான் துணி மடிப்பார். மூலை கொஞ்சம் கோணலாக்கூட இருக்கும்," என்றாள்.

ஆகவே அந்த வரி இல்லை.

சித்தப்பா, சித்தி இருவருக்கும் ஒரே சலவை ஆலையில் வேலை. ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்பும் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக அங்கே வரும். ஒரு கோடியில் துவைப்பார்கள். நடுவில் ஆள் உயரத்துக்குச் சூடான ரோலர்கள் சுழன்றுகொண்டிருக்கும். ஈரத்துணியை அதன் வாயில் விட்டால் மறுபக்கம் அப்பளம்போல வந்து விழும். சித்தி நிற்பது ரோலரின் வாயில். மறுகோடியில் நீள மேசை. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் நின்று விரிப்புகளை மடிப்பார்கள். சித்தப்பா அந்த மேசையில். ரோலர் கொடுக்கும் சூட்டில் எல்லோரும் ஓடி ஓடி வேலை செய்வார்கள், சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வெளிக்காற்று வாங்கலாமென்று. சித்தப்பாவுக்கு மட்டும் அந்தச் சூடு உறைத்ததாகத் தெரியவில்லை. மேசைக்காரர்கள் அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தது கிண்டலுக்கு. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கல்யாணமும் அந்த ஆலையில்தான் முடிவானது. சித்தப்பா ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்தால் அது யாருக்கும் தெரியாமல் போகாது. தலை திரும்பி முடிவதற்குள் அவளுடைய அண்ணன் வந்து எதிரே நின்றுவிட்டார். அந்த அண்ணன்தான் எனக்கு மாமா முறை. ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். ஆளைப் பார்த்தார், விசாரித்தார், "இந்த ஆள் ஓடிப்போக மாட்டான். ஓட முடியாது," என்று தங்கையைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் 'மாப்பிள்ளை', சங்கத்தில் 'தோழர்'. ஒரே பேச்சில் இரண்டும் கலந்து வந்தால் மாமாவுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் மடிப்பு மேசைக்கு நாள் கூலி. மடித்தது எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் போய் விழும். யார் எத்தனை மடித்தார்கள் என்று எண்ணுவாரில்லை. அந்த நாள் கூலி எப்படி நிர்ணயமாகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "வெளியே என்ன விலையோ அதுதான் உள்ளேயும்," என்பார் அப்போதிருந்த மேலாளர். "கேட்டு வாங்கினா கூலி, கேக்காம வந்தா பிச்சை," என்பார் மாமா. ஒவ்வொரு ஒப்பந்தத்தின்போதும் இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். முதலில் மேசையைத் தட்டும் சத்தம் கேட்கும், பிறகு சிரிப்புச் சத்தம் கேட்கும், பிறகு ஒரு தொகையோடு வெளியே வருவார்கள். அந்தத் தொகை விலைவாசிக்கு எப்போதும் ஒரு முழம் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் சித்தப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் அது ஒன்றே. மேசையிலேயே அதிவேகமாக மடிக்கும் பெண்ணுக்குச் 'சூறாவளி' என்று பெயர். அவளுக்கும் அதே கூலிதான். அவளுக்கு அதில் வருத்தமிருந்தது. சித்தப்பாவுக்கு இல்லை.

பிறகு ஆலை கைமாறியது. புது மேலாளர் வந்தார். உள்ளே நுழைந்ததும் ஆட்களைப் பார்க்கவில்லை, சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இனி எண்ணிக்கைக் கூலி என்றார். ஒரு சாதாரணத் தொழிலாளி ஒரு நாளில் எத்தனை விரிப்பு மடிப்பார் என்று அளந்து பார்ப்பது. அதுதான் அளவு. அந்த அளவை எட்டினால் பழைய நாள் கூலி. அதற்கு மேல் மடிக்கும் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் காசு. ரோலரில் துணி விடுகிறவர்களுக்கும் மேசையின் எண்ணிக்கையை வைத்தே கணக்கு.

ஆக, எல்லாருடைய பிழைப்பும் அந்த ஒரு அளவில் வந்து நின்றது. அளவு உயர்ந்தால் நாக்குத் தள்ள வேலை செய்தாலும் பழைய கூலிதான். அளவு தாழ்ந்தால் ஆளுக்கு ஒரு தேன்கூடு.

"அப்ப அளக்கற அன்னிக்கு எல்லாரும் மெதுவா மடிச்சுட்டாப் போச்சு," என்றாள் சூறாவளி.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "பக்கத்து ஊர் ஆலையில அதைத்தான் பண்ணினாங்க. அளக்க வர்ற ஆளுங்க கடிகாரத்தை மட்டும் பாக்கறதில்லம்மா, முகத்தையும் பாக்கறாங்க. 'இந்த ஆள் பாதி பலத்துலதான் வேலை செய்யறான்'னு எழுதிட்டா, அளவு ரெண்டு மடங்கு. நடிச்சவன் வாயிலேயே மண்ணு."

அளக்கப்படும் தொழிலாளியை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலாளர் நிபந்தனைகளை எழுதி அனுப்பினார்: பத்து வருடத்துக்குமேல் வேலை செய்தவராக இருக்க வேண்டும்; ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்கியிருக்கக் கூடாது; கடமையே கண்ணாக இருக்க வேண்டும். மாமா அதைச் சங்கக் கூட்டத்தில் படித்துக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"தோழர்களே, நமக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்? நடிக்கத் தெரியக் கூடாது. உயிரைக் கொடுத்து வேலை செய்யணும். ஆனா வேலை நடக்கக் கூடாது."

எல்லாத் தலைகளும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. யாரைப் பார்க்கிறார்கள் என்று அறிய சித்தப்பாவும் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. அவர் மறுபடி முன்பக்கம் திரும்புவதற்குள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிட்டது.

மேலாளருக்கு அவரைத் தெரியாது, கோப்பைப் பார்த்தார். கோப்பு பளிங்குபோல இருந்தது. அதற்கும் காரணம் உண்டு. பழைய மேஸ்திரிகள் சித்தப்பாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க நினைத்ததுண்டு. கடிதம் கொடுத்தால் அவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும் என்று பயந்து விட்டுவிட்டார்கள். "இப்படி ஒரு தொழிலாளியா!" என்று மேலாளர் உடனே சம்மதித்தார். தன் பங்குக்கு மாமா ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் செருகினார்: அளக்கப்பட்ட தொழிலாளி அந்த மேசையில் வேலை செய்யும்வரை அளவை மாற்றக் கூடாது, அவர் மேசையை விட்டுப் போனால்தான் மறுபடி அளக்கலாம். நல்ல தொழிலாளி எங்கே போகப்போகிறார் என்று மேலாளர் அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைச் சித்தி சொல்லிக் கேட்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தியே தொண்டை கட்டிப்போனவள், "மெதுவாங்க, ஒண்ணும் அவசரமில்ல," என்று சொல்லப் பழகினாள். மாமா தினம் சாயங்காலம் வந்து ஆளைப் பார்வையிட்டார், எங்கே தேறிவிடுவாரோ என்ற கவலையில். சித்தி வாங்கி வைத்திருந்த சத்து மருந்துப் புட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை, படியில ரெண்டு ரெண்டா தாவாதீங்க."

"நான் எப்ப மச்சான் தாவினேன்?"

"தாவலதான். தாவிடாதீங்கன்னு சொல்றேன்."

அவர் போன பிறகு சித்தப்பா படிகளை ஒரு முறை ஏறி இறங்கிப் பார்த்தார். பிறகு சித்தியிடம் கேட்டார்: "நான் அவ்வளவு மெதுவாவா இருக்கேன்?"

சித்தி கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"மத்தவங்கதான் அவசரப்படறாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

இருபது வருடமாகத் திட்டிய சித்தி அன்றைக்குத் திட்டவில்லையாம். "காபி போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

அளக்கும் நாள் வந்தது. வந்தவர் ஒரு அம்மா. கழுத்தில் கடிகாரம், கையில் அட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. "உங்க வழக்கம்போல பண்ணுங்க ஐயா," என்றார். சித்தப்பா தலையாட்டினார். ஆனால் அவர் மனதில் வேறு இருந்தது. ஊரே தன்னை ஆமை என்று நினைத்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது, ரோஷம் வந்துவிட்டது. யார் என்று காட்டிவிடுவது என்று தீர்மானித்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாய்ந்தார்.

தூணுக்குப் பின்னால் நின்ற மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அடப்பாவி மாப்பிள்ளை," என்று முனகியது ரோலர் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம்.

சித்தப்பா உதட்டைக் கடித்தார். விரிப்பை உதறினார். மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. வியர்வை புருவத்தில் நின்று கண்ணில் இறங்கியது. ஒரு மூலையைப் பிடித்து மறுமூலையோடு சேர்ப்பதற்குள் ஒரு மலையைக் கட்டி இழுத்தவர்போல ஆனார். வேலை மட்டும் அதே இடத்தில் நின்றது. கொஞ்சம் கூடியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பக்கத்தில் நின்ற சூறாவளி தும்மிக்கொண்டே அதைவிட அதிகம் மடித்திருப்பாள்.

கடிகாரக்கார அம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவரையே பார்த்தார். "ஐயா, போதும், கொஞ்சம் தண்ணி குடிங்க. நான் எத்தனையோ ஆலை பார்த்திருக்கேன், இப்படி உயிரைக் கொடுத்து வேலை செய்யறவரைப் பார்த்ததில்ல," என்றார். பிறகு அட்டையில் எழுதினார்: இந்தத் தொழிலாளி சாதாரண அளவுக்கு மேல் முயற்சி எடுக்கிறார், எல்லோரிடமும் இதை எதிர்பார்க்க முடியாது. அன்றைக்கு அவர் ஓடிய ஓட்டத்தைக் கழித்துவிட்டு, சாதாரண நாளில் அவர் மடிப்பது எவ்வளவோ, அச்சாக அதையே அளவென்று வைத்துவிட்டுப் போனார்.

மேசைக்காரர்கள் சித்தப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆலையைச் சுற்றி வந்தார்கள். "பாத்து, பாத்து, மெதுவாப் போங்கப்பா," என்று அவர் மேலேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆலை வாசலில் சங்கத்தின் பலகை ஒன்று உண்டு. எண்ணிக்கைக் கூலி வந்த பிறகு, ஒவ்வொரு சம்பள நாளும் மேசைக்காரர்கள் பெயரையும் வாங்கிய கூலியையும் அதில் வரிசையாக எழுதிப்போட்டார்கள். முதல் சம்பள நாளில் பலகைக்கு முன்னால் ஒரே கூட்டம். சூறாவளி பழைய கூலிபோல இரண்டு மடங்கு வாங்கியிருந்தாள். மற்றவர்களும் ஒன்றரை, ஒன்றேமுக்கால். சித்திக்கும் நன்றாகவே ஏறியிருந்தது. வரிசையின் அடியில், தன்னந்தனியாக, சித்தப்பா. பழைய கூலி. ஒரு காசு கூடவும் இல்லை, ஒரு காசு குறையவும் இல்லை.

அதில் அநியாயம் எதுவும் கிடையாது, கணக்கு அப்படித்தான் வரும். அவர் ஒரு நாளில் மடிப்பதே அளவு. அளவை எட்டினால் பழைய கூலி. அவர் தினமும் அளவை எட்டினார். அளவைத் தாண்ட வேண்டுமென்றால் தன்னையே தாண்ட வேண்டும்.

"நிதானம் அண்ணே, உங்க புண்ணியத்துல எங்க வீட்டுக்குப் புதுக் கட்டில் வந்திருக்கு," என்றாள் சூறாவளி.

"அப்படியா, சந்தோஷம். எங்க வீட்ல பழசுதான். கிறீச்னு சத்தம் போடும்."

மாமாவைப் பிடித்துக் கேட்டார்: "மச்சான், என் கூலி மட்டும் ஏன் அப்படியே நிக்குது?"

"மாப்பிள்ளை, நீங்கதானே அளவுகோல்! அளவுகோல் எங்கயாவது வளருமா?" என்று முதுகில் தட்டிவிட்டு மாமா போனார். அடுத்த சம்பள நாளும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. பலகைக்கு முன்னால் கூட்டம் கலைந்த பிறகு சித்தப்பா தனியாகப் போய் நின்று, தன் பெயரைப் பார்த்துவிட்டு வருவதைச் சித்தி கவனித்தாள். கூலி குறைவாக வாங்குவது அவருக்குப் புதிதில்லை. எல்லோரும் சேர்ந்துதானே குறைவாக வாங்கினார்கள். தனியாக வாங்குவதுதான் புதிது.

இதற்குள் மேலாளருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பலகையைப் பார்த்தால் குழந்தைக்குக்கூட விளங்கும். மறுபடி அளக்கலாமென்றால் ஒப்பந்தம் குறுக்கே நின்றது. சித்தப்பா மேசையில் இருக்கும்வரை அளவைத் தொட முடியாது. வேலையை விட்டு நீக்கவும் வழியில்லை. கோப்பு பளிங்குபோல இருந்தது, போதாததற்குக் கடிகாரக்கார அம்மா வேறு 'சாதாரண அளவுக்கு மேல் முயற்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மேலாளர் நன்றாக யோசித்தார். யோசித்து, சித்தப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். உட்கார நாற்காலி போட்டார்.

"உங்க அனுபவத்துக்கு அந்த மேசை ரொம்பச் சின்னதுங்க. உங்களை மேற்பார்வையாளராப் போடலாம்னு இருக்கேன். நின்னுட்டே இருக்க வேணாம். நீலச் சட்டை. மாசச் சம்பளம், இப்ப வாங்கறதுல ஒன்றரை மடங்கு. என்ன சொல்றீங்க?"

சித்தப்பா சட்டையைப் பற்றிக் கேட்டார். பை எத்தனை என்று.

"ரெண்டு. யோசிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமையா? அவ்வளவு சீக்கிரமா?"

அவர் நடந்து வீடு வந்து சேர்வதற்குள் செய்தி முன்னால் வந்துவிட்டது. மாமாவும் சங்கத்தின் பொருளாளரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு முறை டீ குடித்தாகிவிட்டது. சித்தி கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா செருப்பைக் கழற்றி உள்ளே வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வாங்க மாப்பிள்ளைத் தோழர்," என்றார் மாமா.

சித்திக்குப் புரிந்துவிட்டது. அவளே ஆரம்பித்தாள். "அண்ணா, சுத்தி வளைக்க வேணாம். அங்க ஒன்றரை மடங்கு தர்றேங்கறாங்க. சங்கம் என்ன தருது?"

"என்னம்மா பேசற? சங்கம் என்ன முதலாளியா?"

"அவர் மேசையில நிக்கறதால உங்க எல்லாருக்கும் லாபம். யாருக்கு லாபமோ அவங்கதானே கூலி கொடுக்கணும்? நீங்கதானே மேடையில இதைச் சொல்லுவீங்க."

"அது மேடை," என்றார் மாமா.

பொருளாளர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கும் கொடுக்கணும்னு ஆசைதாம்மா. ஆனா நிதி நிலைமை இப்ப அவ்வளவு சரியில்ல. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"இந்த வருஷம் எல்லாரும் கட்டில் வாங்கிட்டாங்களே."

மாமா குரலை மாற்றினார். "யோசிச்சுப் பாரும்மா. உழைப்புக்குக் கூலி கொடுக்கலாம். மெதுவா இருக்கறதுக்கு எப்படிக் கூலி கொடுக்கறது? அது அவருக்கு இயற்கையா வர்றது. செலவில்லாம வர்றது."

"சூறாவளிக்கு வேகமும் இயற்கையாத்தானே வருது? அதுக்கு மட்டும் காசு கொடுக்கறாங்க?"

"நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. குடும்பத்துல போய் இவ்வளவு தா, அவ்வளவு தான்னு..."

"சங்கம் குடும்பமா, குடும்பம் சங்கமா? முதல்ல அதைச் சொல்லுங்க."

பொருளாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படியெல்லாம் மிரட்டினா நாங்க வேற ஆள் பாத்துக்க வேண்டியதுதான்!"

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். வேறு ஆள் கிடையாது என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். போதாததற்கு, அந்த வாக்கியத்தை அவர்கள் அதுவரை மேலாளர் வாயிலிருந்து மட்டுமே கேட்டுப் பழகியவர்கள். மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அப்போதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"மச்சான், எனக்கு நீலச் சட்டை வேணாம். பக்கத்துல போய் நின்னுட்டு, சீக்கிரம் சீக்கிரம்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. நான் போனா உங்க எல்லாருக்கும் கஷ்டம், அதுவும் தெரியும். ஆனா அந்தப் பலகையில என் பேர் அடியில கிடக்கு. முதல்ல போடச் சொல்லல. நான் அந்த வேகம் இல்ல. நடுவுல போடுங்க. மேசையில எல்லாரும் வாங்கறதைக் கூட்டி வகுத்தா என்ன வருமோ, அது."

"அது ரொம்ப அதிகம் மாப்பிள்ளை."

"அப்ப திங்கக்கிழமையிலேருந்து நீலச் சட்டை."

"நாக்கு வராதுன்னீங்களே?"

"பழகிக்கறேன். மெதுவா வரும்."

மாமா தங்கையைப் பார்த்தார். தங்கை அவர் டீக் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுபடி ஊற்றிக்கொண்டு வரவில்லை. மாமா அதையும் கவனித்தார். கொஞ்சம் இறங்கி வந்தார்: நடுவுக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி தரலாம். சித்தப்பா யோசித்தார். அவர் யோசிக்கும்போது பேரம் பேச வந்தவர்கள் படும் பாடு வேறு எந்தப் போராட்டத்திலும் படமாட்டார்கள். முக்கால் என்றார் மாமா, பதில் வருவதற்கு முன்பே. சித்தப்பா இன்னமும் பாதியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். பொருளாளர் கடிகாரத்தைப் பார்த்தார், கடைசி பஸ் போய்விடும் என்றார். முழுசும் தருகிறோம் என்று மாமா எழுந்துவிட்டார்.

மேசைக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கூடுதல் கூலியிலிருந்து கொஞ்சம் ஒதுக்க வேண்டும், அதைச் சேர்த்துச் சங்கம் சித்தப்பாவுக்குத் தரும் என்று ஏற்பாடு. பலகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'நிதானப்படி உட்பட'. மாமா சும்மா கொடுத்துவிடவில்லை. நிபந்தனை போட்டார். முன்னறிவிப்பில்லாமல் விடுப்பு எடுக்கக் கூடாது. மேலாளர் தரும் எந்தப் பயிற்சிக்கும் போகக் கூடாது. இந்தச் சலுகையை முன்னுதாரணமாகக் காட்டி வேறு யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அடுத்த வாரமே இன்னொரு தொழிலாளி, தானும் இப்போது மெதுவாகிவிட்டதாகச் சங்கத்தில் விண்ணப்பித்தார். "உற்பத்தியைக் குறைப்பது ஒழுங்கீனம்," என்று மாமா அவரைக் கண்டித்து அனுப்பினார். மேலாளரின் அறைக்கு வெளியே இருந்த பழைய அறிவிப்பில் இருந்த வார்த்தைகளே அவை என்று சிலர் சொன்னார்கள். மாமா மறுத்தார்.

நீலச் சட்டையைத் தைத்தாயிற்று, வீணாக்க வேண்டாமென்று மேலாளர் அதைச் சூறாவளிக்குக் கொடுத்தார். மேசையில் மிக வேகமானவள் மேசையை விட்டுப் போனாள். அளவு மாறவில்லை, மேலாளர் மட்டும் நாளொன்றுக்கு எத்தனையோ விரிப்புகளை இழந்தார்.

இதையெல்லாம் நான் தூரதேசத்தில் ஒரு அறையில் உட்கார்ந்து போனில் கேட்டேன். என் சம்பளமும் ஒரு மூடிய கதவுக்குப் பின்னால்தான் முடிவாகிறது. முடிவாகி வந்த பிறகு 'உங்களைப் போன்றவர்களுக்குச் சந்தையில் இதுதான்' என்பார்கள். என்னைப் போன்றவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியாது. சித்தப்பாவிடம் கேட்டேன், எப்படிச் சம்பளம் கேட்பது என்று. "அவசரப்படாதே," என்றார். வேறு எதைச் சொல்வார்.

முதல் நிதானப்படி வந்த அன்று சித்தப்பா பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றிருக்கிறார். கூட்டத்தோடு கூட்டமாக, இடித்துக்கொண்டு. வரிசையின் நடுவில் அவர் பெயர். அதற்கு மேலே ஐந்து பேர், கீழே ஐந்து பேர். வீட்டுக்கு வந்து உறையைச் சித்தியிடம் நீட்டினார். சித்தி பிரித்து, ஒரு பகுதியை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியை அவரிடமே திருப்பித் தந்தாள்.

"அது எதுக்கு?" என்றார் சித்தப்பா.

"சந்தா."

"என்ன சந்தா?"

"சங்கத்துக்கிட்ட உங்களுக்காகப் பேசினது யாரு? உங்க மச்சானா? நான்தானே. அப்ப உங்க சங்கம் நான்."

சித்தப்பா அதை ஏற்றுக்கொண்டார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கூலி விஷயத்தில் அவர் இப்போது பழைய ஆள் இல்லை. கையிலிருந்ததையும் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. இவ்வளவுன்னு எதை வெச்சு முடிவு பண்ணின?"

"நான் இல்லாம உங்களால எவ்வளவு வாங்கியிருக்க முடியும்? அதை வெச்சு," என்றாள் சித்தி.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். சித்தி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அன்றைக்கு வேறு வேலை இல்லை.